பஞ்சம்மாள் எடுத்த களை

பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். கம்பத்தில் ஒரு துரை, பங்களா முன்னால் புல் வளர்த்தார். ஆடு மாடு வாய் வைக்கக்கூடாத புல்! சேரி மக்கள் தொடமுடியாத கிணற்றிலிருந்து அதற்கு நாளும் நாற்பது குடம் தண்ணீர்.

துரை மலைக்குப் போயிருந்தபோது களையெடுக்க வந்தாள் பஞ்சம்மாள். வயலிலேயே வளர்ந்தவள். புல்லையெல்லாம் பிடுங்கி, தானாய் முளைத்த கீரையை விட்டுவைத்தாள். வெறும் மண்ணைப் பார்க்கப் பொறுக்காமல் அவரை விதையும் ஊன்றினாள்.

“கூறுகெட்டவளே, கீரைதாண்டி களை! துரை வந்தாகன்னா ஒன் பொழப்புப் போச்சு!” என்று அலறினான் பட்லர் அருளப்பன்.

“திங்கிறதப் போயி களைங்கிறீகளே, துரை என்ன புல்லா திங்கிறாக?”

துரை வந்ததும் அவளை விரட்டினார். அவரையைப் பிடுங்கி மறுபடி புல் பதித்தார்கள். இப்போது தண்ணீர் ஐம்பது குடம். இதற்குப் பெயர் நாகரிகமாம்!