காணாமல் போன இரண்டு மைல்

என் அப்பா கிளிஃபர்ட் ஆல்டர்சன் முப்பத்து நான்கு வருடம் கோல்பெக் பேருந்தை ஓட்டினார். வடக்கு யார்க்‌ஷயரில் அந்தத் தடத்தில் ஏறிய எல்லோருக்கும் ரோமானியச் சாலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். மலைமேல் ஒரு கோட்டை, ஆற்றோரம் ஒரு கோட்டை, நடுவே பதினொரு மைல் சாலை. ஒன்பது மைல் எங்கே என்று தெரியும். மீதி இரண்டு மைல் யாருக்கும் தெரியாது. அதைத்தான் அவர் தேடினார்.

நான் பள்ளியில் படித்தபோது ஒரு கோடையில் பெரிய வறட்சி. ட்வெய்ட் என்ற விவசாயியின் புல்வெளியில் ஒரு நேர்கோடு மட்டும் பழுப்பாகக் காய்ந்து தெரிந்தது. அடியில் கல் இருந்தால் அங்கே புல் முதலில் காயும். அப்பா பேருந்தைச் சரிவில் நிறுத்தி, பயணிகள் உள்ளே உட்கார்ந்திருக்க, இறங்கிப் போய்ப் படம் எடுத்தார். அதற்காக எச்சரிக்கைக் கடிதமும் வாங்கினார். பிறகு இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார். கல் தட்டியது. எங்கள் ஊர் தொல்லியல் மன்றத்தில் முப்பத்தொரு பேர். அவர்களுடைய செய்தி இதழில் அது அச்சாயிற்று. அதற்கு ‘ஆல்டர்சன் கோடு’ என்று பெயர்.

நான் நில அளவைப் பொறியாளர். குடிநீர்க் குழாய் வேலை. போன ஜனவரியில் எங்கள் பள்ளத்தாக்கின் லேசர் அளவுகள் என் கணினிக்கு வந்தன. விமானத்திலிருந்து எடுப்பது. புல்லையும் மரத்தையும் நீக்கிவிட்டு வெறும் தரையைக் காட்டும். அப்பாவின் கோட்டைத் தேடினேன். ரோமானியச் சாலை மேடாக இருக்க வேண்டும். இது பள்ளமாக இருந்தது. அலுவலகத்தின் பழைய வரைபடங்களை எடுத்தேன். 1911இல் போட்ட குழாய். பள்ளம் வெட்டி, கல்லைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அங்கிருந்து சரிவில் நூற்று நாற்பது மீட்டர் மேலே, ஏழு மீட்டர் அகலத்தில், சதுப்பைச் சுற்றி வளைந்து போகும் ஒரு தாழ்ந்த மேடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் நானும் அதன்மேல் உட்கார்ந்துதான் சாண்ட்விச் தின்று டீ குடிப்போம்.

அப்போது அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். ஈஸ்டர் வரைதான் இருப்பார் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.

“சொல்லாதடி ரூத்,” என்றார் அம்மா. “போற மனுஷன். ரோடு எங்க போனா அவருக்கென்ன?”

ஆனால் மே மாதம் மன்றம் அவர் கோட்டில் தோண்டப் போகிறது. குழாய் வெளியே வரும். அவர் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். மூன்று வாரம் யோசித்துவிட்டு, படத்தை அவர் கட்டிலில் விரித்தேன்.

அவர் தன் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“எவ்ளோ தள்ளி?”

“நூத்தி நாப்பது மீட்டர்ப்பா.”

“மேலயா, கீழயா?”

“மேல. நாம டீ குடிப்போமே, அந்த எடம்.”

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அம்மா ஓடி வரும்படி ஆயிற்று. அடங்கியதும் கேட்டார்: “இதழ் எப்ப அச்சுக்குப் போவுது?”

“மார்ச் கடைசியில.”

“அதுக்குள்ள நான் அங்க நடந்தாவணும்.”

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. இதழின் கடைசிப் பக்கம் திருத்தங்களுக்கு. தவறு செய்தவரே திருத்தத்தை எழுத வேண்டும். எழுதுகிறவர் அந்த நிலத்தைக் காலால் நடந்திருக்க வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்ததே அப்பாதான். வீட்டு மேசையில் வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்து ஊரெல்லாம் சாலை போட்ட ஒருவரின் வாயை அடைக்க.

மார்ச் இருபதாம் தேதி அழைத்துப் போனோம். மன்றச் செயலாளர் ஸ்டான் ஓல்ட்ராய்ட் வந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சக்கர நாற்காலி புல்வெளியின் வேலிக்கதவைத் தாண்டியதும் சேற்றில் புதைந்தது. அப்பா இரண்டு கைத்தடிகளை ஊன்றி எழுந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்றார். ட்வெய்ட் டிரெய்லர் மாட்டிய தன் வண்டியோடு பின்னாலேயே ஊர்ந்து வந்தார்.

“ஏ கிளிஃப்பு, டிரெய்லர்ல ஏறுய்யா. போன வாரம் ஒரு செம்மறி ஏறிச்சு. அது ஒண்ணும் ரோஷப்படல.”

“செம்மறி இதழுக்கு எழுதாது.”

பாதி தூரத்தில் முழங்கால் மடங்கியது. இடிந்த கல்சுவர் ஒன்றில் உட்கார வைத்தோம். மேட்டுக்கு இன்னும் அறுபத்திரண்டு மீட்டர். பிற்பாடு அளந்தேன்.

ஸ்டான் குனிந்து சொன்னார்: “நீ நடந்துட்டேன்னு நான் எழுதிக்கறேன்டா. யாரு பாத்தா?”

“நான் பாத்தேன்,” என்றார் அப்பா.

பிறகு என்னிடம், “நீ போய் நட. கையத் தூக்கிக்கிட்டு நட, எனக்குத் தெரியணும்” என்றார்.

மேட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையைத் தூக்கியபடி நடந்தேன். சதுப்பு வந்தது, மேடு வளைந்தது, நானும் வளைந்தேன். திரும்பி வந்தபோது அவர் கன்னம் ஈரமாக இருந்தது. ஆலங்கட்டி தூற ஆரம்பித்திருந்தது.

“வேகமா நடந்துட்ட புள்ள. இன்னொரு தடவ நட.”

நடந்தேன்.

ஆறு நாள் கழித்து, புதன்கிழமை காலை, அப்பா இறந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தாள் இருந்தது. ‘இருபத்தேழாம் இதழில் நான் வெளியிட்ட கோடு தவறு. அது குடிநீர்க் குழாய். சரியான தடம்’ என்பதோடு நின்றிருந்தது. கையொப்பம் இல்லை.

இறுதிச் சடங்கு முடிந்து, தேவாலயக் கூடத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இதழை அவருக்காக அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருந்த ஸ்டானிடம் அதைக் கொடுத்தேன்.

“மீதிய நான் எழுதறேன். அவர் பேர்ல போடுங்க.”

படித்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார்.

“முடியாதும்மா. அவன் அங்க போய்ச் சேரல. பொய்யா அவன் பேரப் போட்டா, கனவுல வந்து என்னத் திட்டுவான்.”

“அப்ப அந்தக் கோடு அப்படியே நிக்கட்டுமா?”

“நீ நடந்தியே. நீ போடு.”

போட்டேன். நான்கு வரி. ‘சி. ஆல்டர்சன் வெளியிட்ட தடம் தவறானது’ என்று தொடங்கும். கீழே என் பெயர். மே மாதம் மேட்டில் தோண்டினார்கள். கால் முழம் ஆழத்தில் சாலை இருந்தது. ஓரக்கற்கள் வரிசை கலையாமல் கிடந்தன. முப்பது பேரும் என் கையைக் குலுக்கினார்கள். நான் மட்ட அளவுகளைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா இதழை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அவரு பேருக்குப் பக்கத்துல தப்புன்னு போட்டிருக்க,” என்றார். “அதுக்குக் கீழ உன் பேரு.”

“ஆமாம்மா.”

அப்பாவின் இதழ்கள் எல்லாம் வரிசை எண்படி மாடி அலமாரியில் இருக்கின்றன. இந்த இதழை அங்கே வைக்க அம்மா இன்னும் விடவில்லை.