மூன்றாவது காப்பியில் மிஞ்சியது

போன வாரம் கைப்பேசியில் ஒரு குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். பேஸ் கித்தார் வாசிப்பவர்கள், வீட்டு அறையிலேயே பாட்டுப் பதிவு செய்பவர்கள், எதையும் வாசிக்காமல் கருத்து மட்டும் சொல்பவர்கள் என்று ஒரு கும்பல். காம்பாரில் படிக்கிற பையன் ஒருவன், பழைய கம்பியை வெந்நீரில் கொதிக்க வைத்தால் சத்தம் திரும்புமா என்று கேட்டிருந்தான். சாயங்காலத்துக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. வினிகர் ஊற்று என்கிறான் ஒருவன். ஊற்றினால் துரு ஏறும் என்கிறான் இன்னொருவன். புதுக் கம்பி வாங்க முடியாதவன் ஏன் வாசிக்கிறான் என்று மூன்றாமவன். எனக்கு அந்த வாடை மூக்கில் ஏறிவிட்டது. கொதிக்கிற நீரில் இரும்பும் விரல் அழுக்கும் சேர்ந்து கிளம்புகிற வாடை. என் அம்மாவின் ரசச் சட்டி வாடை என்றும் சொல்லலாம். நான் கம்பியைப் போட்டுக் கொதிக்க வைத்தது அதில்தான். அம்மா சட்டியைக் கொண்டுபோய்க் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டார்.

கொதிக்க வைக்கச் சொன்னவன் நேசன். அந்தக் காலத்தில் நான் எதை நினைக்க ஆரம்பித்தாலும் நேசனில்தான் வந்து முட்டுவேன். இன்றைக்கும் பாருங்கள், கம்பியில் ஆரம்பித்து நாலு வரிக்குள் வந்துவிட்டான்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்த நேரம். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு ஈப்போ பட்டணத்தில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். கோப்புகளை அடுக்குகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மேசையின் அடிப்பலகையில் விரல் பழகுவேன். ஈப்போவில் ஒரு கிளப்பில் வாசித்து ஓய்ந்த சீனர் ஒருவரிடமிருந்து வாங்கிய பேஸ் கித்தார் என்னுடையது. பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரம் போடுகிற வாத்தியம். கழுத்து கொஞ்சம் வளைந்திருக்கும். அதை அம்மாவின் பழைய கைலியில் சுற்றி பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். பக்கத்தில் உட்காரும் ஆயாக்கள் பிள்ளைக்குக் காற்று வரட்டும் என்று கைலியை விலக்கப் பார்ப்பார்கள்.

நேசனுடையது ஜப்பான் சரக்கு. அதற்கென்று பெட்டி. பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட். அவன் அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகம், யாழ்ப்பாணத்துக் குடும்பம், குவார்ட்டர்ஸ் வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பழகியவன். முதலில் அந்தப் பெட்டி மேல்தான் எனக்குப் பொறாமை வந்தது. பிறகு வெல்வெட் மேல். விரல் மேல் வந்தது கடைசியில். கடைசியில் வந்ததுதான் போகவே இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்த இடம் ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் தனபாலன் அண்ணன் வீடு. அண்ணன் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தார், ஆர்கன் வாசிப்பார், சொந்தமாக மெட்டும் போடுவார். எல்லாவற்றையும்விட முக்கியம், அவரிடம் இரண்டு கேசட் மெஷின்கள் இருந்தன. ஒன்று வைத்திருப்பவன் பாட்டுக் கேட்கிறவன், இரண்டு வைத்திருப்பவன் ஸ்டுடியோக்காரன். அவ்வளவுதான் எங்கள் கணக்கு. எதிரொலி அடங்க முன்னறைச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருப்பார். பக்கத்து வீட்டில் கச்சாங் பூத்தே என்கிற நொறுக்குத்தீனி வறுப்பார்கள். கடலையும் எண்ணெயும் கறிவேப்பிலையும் கலந்த வாசம் முட்டை அட்டையில் ஊறிப்போய், இன்றுவரை எனக்கு ஒலிப்பதிவு என்றால் பசி எடுக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் கூடுவோம். வாசித்ததைவிடப் பேசியதுதான் அதிகம். கம்பிக்கு அடியில் பழைய சிலிப்பரை வெட்டிச் செருகினால் சத்தம் பொத்தென்று அழகாக விழும். கேசட் ஹெட்டைத் துடைக்க ஸ்பிரிட் இல்லாவிட்டால் கொலோன் போதும். மைக்கைத் தண்ணீர்ப் பானைக்குள் தொங்கவிட்டால் கோயில் மண்டபம் மாதிரி எக்கோ வரும், ஆனால் பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். இந்தக் கடைசி அறிவு எங்களுக்கு ஒரு மைக்கைப் பலி கொடுத்துக் கிடைத்தது.

இதில் பாதி நேசன் சொன்னது. எங்கிருந்தோ ஆங்கிலப் புத்தகங்கள் வரும் அவனுக்கு. படித்ததை வைத்துக்கொள்ளத் தெரியாது, எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். எந்த விரல், எந்த இடம், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டுவான். கஞ்சனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அள்ளிக் கொடுப்பவனை எப்படி வெறுப்பது? ரொம்பச் சிரமப்பட்டுத்தான் வெறுக்க வேண்டியிருந்தது.

இப்போது எங்கள் பதிவு முறையைச் சொல்லியாக வேண்டும். முதல் மெஷினில் தபேலாவும் பேஸும் சேர்ந்து பதிவாகும். அதை ஓடவிட்டு, கூடவே ஆர்கன் வாசித்து, இரண்டையும் சேர்த்து இரண்டாவது மெஷினில் எடுப்போம். அந்தக் கேசட்டை ஓடவிட்டு, கூடவே பாட்டு. மூன்றாவது காப்பியில்தான் முழுப் பாட்டும் கிடைக்கும். ஒவ்வொரு காப்பிக்கும் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் ஏறும், முதலில் வாசித்தவன் ஒரு படி கீழே போவான். கடைசியில் வருகிறவன் பளிச்சென்று நிற்பான். முதலில் வாசித்த பேஸ்காரன் மழையில் நனைந்த சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பான்.

அந்தச் சமயத்தில் வானொலியில் உள்ளூர்க் குழுக்களின் பாட்டைக் கேசட்டில் வாங்கி ஒலிபரப்பினார்கள். தனபாலன் அண்ணன் ஒரு பாட்டுக் கட்டினார். பாடப்போவது அவர் தங்கச்சி புஷ்பா அக்கா. பாட்டு ஒன்று, பேஸ்காரர்கள் இரண்டு. இரண்டு பேரையும் வைத்துத் தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம், எது நன்றாக வருகிறதோ அதை அனுப்பலாம் என்று அண்ணன் நியாயமாகச் சொன்னார். எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. தோட்டத்தில் அத்தனை பேரிடமும் ரேடியோவில் என் வாசிப்பு வரப்போகிறது என்று சொல்லிவிட்டிருந்தேன்.

அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தேன், பேஸைக் கடைசியாக எடுக்கலாமே என்று. அவர் ஆர்கன் கட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அடி இல்லாம எது மேல லா அவ நின்னு பாடுவா?"

அன்று பஸ் நிற்கும் இடத்துக்கு நேசனும் கூட நடந்து வந்தான். பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு சொன்னான்.

"குறைச்சு வாசி, மச்சான். மூண்டாவது காப்பியில மிஞ்சுறதுதான் உன்ர வாசிப்பு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏன் சொல்கிறான்? நான் குறைத்துக்கொண்டால் அவன் நிறைத்துக்கொள்வான், அதற்குத்தான். பஸ்சில் கைலி மூட்டையைக் கட்டிக்கொண்டு திட்டம் போட்டேன். மூன்று காப்பியில் பாதி அழியும் என்றால் இரண்டு மடங்கு வாசித்துவிட்டால் சரியாகப் போய்விடும் அல்லவா. படித்தவன் மூளை பாருங்கள். அன்றிலிருந்து மேலேயும் கீழேயும் ஓடினேன், ஒரு இடைவெளி விடாமல் அடைத்தேன். கம்பியைக் கொதிக்க வைத்ததும் அந்த வாரம்தான். அந்த யோசனையை மட்டும் ஏன் நம்பினேன் என்று தெரியவில்லை. அவன் கம்பி பளபளவென்று இருந்ததால் இருக்கலாம்.

பதிவு நாளன்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லி வறுப்பதை நிறுத்த வைத்தோம். அப்போதுதான் மழை பிடித்தது. தகரக் கூரைச் சத்தத்தில் பதிவு செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தோம். மழை விட்டதும் முதலில் நான், பிறகு நேசன். முதல் காப்பியில் என்னுடையது பிரமாதமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. தபேலாக்காரரே திரும்பிப் பார்த்தார். நேசன் வாசித்ததில் பாதி நேரம் விரல் கம்பி மேல் சும்மா கிடந்தது.

ஆர்கனும் பாட்டும் ஏறிய பிறகு மூன்றாவது காப்பியைப் போட்டார்கள். என் அத்தனை ஓட்டமும் ஒன்றோடொன்று ஒட்டி, சேற்றுக்குள் எருமை புரள்கிற மாதிரி ஒரே உறுமல். நேசனுடையதைப் போட்டார்கள். ஒவ்வொரு சுரமும் இரைச்சலுக்கு அடியில் தனித்தனியாக இருந்தது. மங்கல்தான், ஆனால் வைத்த இடத்தில் இருந்தது.

புஷ்பா அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார், "இதுலதான் நான் எங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரியிது."

அத்தோடு முடிந்தது. நேசன் என் முதுகைத் தட்டினான். அந்தக் கை பட்ட இடம் எனக்கு இன்னும் தெரியும்.

தனபாலன் அண்ணனுக்கு என் முகம் பொறுக்கவில்லை. நேசன் பேஸை வைத்துக் கடைசிக் காப்பியை மறுபடி எடுக்கலாம், நீயும் ஏதாவது செய் என்று பச்சைப் பயறு போட்ட பால் டின் ஒன்றைக் கையில் கொடுத்தார். பாட்டோடு சேர்ந்து ஆட்ட வேண்டும். பேஸ் வாசிக்க வந்தவன் பயறு ஆட்டினேன். கேசட் போயிற்று.

ஒலிபரப்பான ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் லயமே கூடிவிட்டது. நான் தோற்ற கதையை யாரிடமும் சொல்லவில்லை. எங்களுடையது உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த டிரான்சிஸ்டர், ஜன்னல் கம்பியில் தொங்கும். பாட்டு வந்தது. புஷ்பா அக்கா குரல் தெளிவு. அதற்கும் முன்னால், காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுகிற மாதிரி, சிக் சிக் என்று என் பயறு. பேஸ்? ஒன்றும் இல்லை. அவ்வளவு தாழ்ந்த சுரமெல்லாம் அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு எட்டவே எட்டாது.

அம்மா பெருமையாகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னார். "எம் மவன் சத்தந்தான் முன்னாடி நிக்கிது."

ஒருத்தரும் மறுக்கவில்லை. இத்தனை நாள் மடியில் வைத்துக் கொண்டுபோன மூட்டை பால் டின்தான் என்று நினைத்தார்களோ என்னவோ. எனக்குள் ஒரு குதூகலம் பாருங்கள். ஜப்பான் கித்தார் வாயே திறக்கவில்லை, நான் நாடு முழுக்க ஒலிக்கிறேன்.

முதல் சரணம் வரைக்கும்தான் அது நீடித்தது. பிறகு எனக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஸ்பீக்கரில் இல்லை. அவன் எங்கே வைக்கிறான், எங்கே விடுகிறான் என்பதை அத்தனை நாள் பொறாமையோடு கவனித்திருந்தேன், இல்லாத இடத்திலும் அது வந்து விழுந்தது. இரண்டாவது சரணத்தில் புஷ்பா அக்கா மூச்சு வாங்குகிற இடத்தில், எல்லாரும் சும்மா இருக்கும்போது, அவன் ஒரே ஒரு சுரம் கீழே இறங்குவான். யாரும் சொல்லிக் கொடுக்காதது. லயமே என் பயறைக் கேட்டுக்கொண்டிருக்க, நான் அதைக் கேட்டேன். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

அடுத்த சனிக்கிழமை நேசன் புந்தோங்குக்கு முன்கூட்டியே வந்து வாசலில் நின்றான். முகம் சரியில்லை. காம்பாரில் பெரியப்பா வீட்டில் உட்கார்ந்து கேட்டானாம், அங்கேயும் சின்ன ரேடியோதான். நீ எப்போது வாசிப்பாய் என்று பாட்டு முடிந்த பிறகு பெரியப்பா கேட்டாராம்.

"உன்ர வீட்டில பேஸ் கேட்டதோ, மச்சான்?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? உண்மையும் அதுதான். அந்த ஒரு சொல்லுக்காக நான் மாதக்கணக்காகக் காத்திருந்தேன்.

"ரெண்டாவது சரணத்துல அக்கா மூச்சு வாங்குற எடத்துல கீழ எறங்குனியே லா," என்றேன். "அது கேட்டுச்சு."

"அப்ப நீ ஒருத்தன் கேட்டிருக்கிறாய்," என்று சொல்லிவிட்டு நேசன் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தான்.

அவன் மேல்படிப்புக்கு வெளிநாடு போனான், திரும்பவில்லை. அங்கே கணக்காளராக இருக்கிறான் என்று கேள்வி, வாசிப்பதில்லையாம். எங்கள் தோட்டத்தை ஆயில் பாம் என்கிற எண்ணெய்ப் பனை நடுவதற்காக வெட்டினார்கள், லயத்தை இடித்தார்கள். தனபாலன் அண்ணனும் இல்லை. வானொலிக்கு அனுப்பிய கேசட் திரும்பி வருகிற வழக்கம் இல்லை. முதல் இரண்டு காப்பிகள் மேல் அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலேயே வேறு பாட்டுகளை ஏற்றிவிட்டோம். புதுக் கேசட்டுக்கு எங்கே போவது?

எப்போதாவது கித்தாரை எடுத்து அந்த இடத்தை வாசித்துப் பார்க்கிறேன். வரிசை வருகிறது, கடைசியில் அவன் இறங்குகிற சுரமும் வருகிறது. அது இப்போது உலகத்தில் என் ஒருவன் காதில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அதுவும், நானே வாசித்தாலும், அவன் வாசித்ததாகவே கேட்கிறது.