நாலு தூண்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் எனக்கு முடி வெட்டியவர் நெடிய மனிதர். பேசும்போது அவர் கத்தரி வெறும் காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். ஒருநாள் என் மடியிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார். மறுமலர்ச்சிக் காலத்து ஆங்கில மாளிகை ஒன்றின் படம். வீடு பழைய பாணி, வாசலில் மட்டும் இத்தாலியத் தூண்கள்.

"ஆரின்ரை வீடு தம்பி? யாழ்ப்பாணத்திலை, கனடாவுக்குப் போன எங்கடை சனம் கட்டினதோ?"

"இல்லை அண்ணை, இங்கிலாந்து. கட்டின மேசன்மார் இத்தாலியைக் கண்டதேயில்லை. படத்தைப் பாத்துத்தான் தூண் வைச்சவை."

"நானும் படம் அனுப்பித்தான் ஊரிலை வீடு கட்டுவிச்சனான். நாலு தூண்."

"வடிவா வந்திருக்கோ?"

"கட்டி முடிச்சு அவை அனுப்பின படத்திலை வடிவாத்தான் கிடக்கு. அகதியா வந்த எனக்கு அங்கை போகேலாதெல்லோ. தலையைக் குனியுங்கோ."

குனிந்தேன். கண்ணாடியில் அவர் முகம் மறைந்தது. கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. அது வெட்டியது என் முடியையா, காற்றையா என்பது இன்றுவரை தெரியாது.