நஸ்ரீன் டீச்சர் போய்விட வேண்டும் என்று செபித்தேன்

அன்பான பங்கு மக்களே, இதைச் சொல்ல நாலு மாதம் தயங்கினேன். நோய் குணமானது, வேலை கிடைத்தது என்று சாட்சி சொல்பவர்கள் தலை நிமிர்ந்து சொல்லலாம். எனக்கு வந்த வியாதிக்குப் பெயர் பொறாமை. அதை எப்படி மைக் பிடித்துச் சொல்வது?

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு என்றாலே ஸ்டெல்லா டீச்சர்தான். போன ஜூனில் நஸ்ரீன் புதிதாகச் சேர்ந்தாள். ராயப்பேட்டைப் பெண், இருபத்தெட்டு வயது. பத்தாம் வகுப்பு பி பிரிவை அவளுக்குக் கொடுத்தார்கள். சி பிரிவு எனக்கு.

ஒரே மாதத்தில் என் வயிறு எரிய ஆரம்பித்தது. இடைவேளையில் அவளைச் சுற்றி எப்போதும் ஏழெட்டுப் பிள்ளைகள். ஒருத்தி மிளகாய்த்தூள் தடவிய கொய்யாத் துண்டை நீட்டுவாள். இன்னொருத்தி அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். என் பிரிவுப் பிள்ளைகள்கூட நோட்டை எடுத்துக்கொண்டு அவளிடம்தான் போனார்கள். நான் அந்தப் பக்கம் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். ஏன் நின்றது என்று நான் யோசிக்கவில்லை. அவள் என்ன சொக்குப்பொடி போட்டாள் என்றுதான் யோசித்தேன்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அவள் வகுப்பில் ஒரே சத்தம் என்று தலைமையாசிரியை சிஸ்டரிடம் இரண்டு முறை போட்டுக் கொடுத்தேன். அவள் எல்லோருக்கும் பிரியாணி கொண்டு வந்த அன்று, வயிறு சரியில்லை என்றேன். பொய். வாசனை வேறு மூக்கைத் துளைத்தது.

செப்டம்பரில் காலாண்டுப் பரீட்சை வந்தது. பி பிரிவில் இரண்டே பேர் தவறினார்கள். என் பிரிவில் நாற்பத்திரண்டு பேரில் பதினான்கு பேர். சிஸ்டர் கூப்பிட்டார்.

“ஸ்டெல்லா, அரையாண்டு வரைக்கும் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, சி செக்‌ஷனையும் நஸ்ரீன் கிட்டயே குடுத்துடலாம்னு இருக்கேன். மனசுல வச்சுக்காதீங்க.”

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறெங்கே வைப்பது? வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன்.

அந்த வாரமே நம் கோவிலில் மாதாவுக்குப் புதன்கிழமை நவநாள் செபத்தை ஆரம்பித்தேன். ஒன்பது வாரம். மன்றாட்டு ஒன்றே ஒன்று, நஸ்ரீன் போய்விட வேண்டும். துபாய் மாப்பிள்ளை அமையட்டும், நல்லபடியாகவே போகட்டும் என்று பெருந்தன்மையாகத்தான் தொடங்கினேன். ஐந்தாவது வாரத்தில் அந்தப் பெருந்தன்மையும் போயிற்று. அரையாண்டில் அவள் வகுப்பு மண்ணைக் கவ்வட்டும் என்று முழந்தாளிட்டுக் கேட்டேன். வகுப்பு தோற்பதென்றால் பிள்ளைகள் தோற்பது என்று எனக்கு உறைக்கவே இல்லை. பிள்ளை பெற்ற தாயிடம் போய் இதைக் கேட்டேனே!

நவநாளில் மக்கள் எழுதிப் பெட்டியில் போடும் விண்ணப்பச் சீட்டுகளை வாசிப்பது என் பொறுப்பு என்று உங்களுக்குத் தெரியும். வழக்கமாக முன்னாடியே வந்து, படித்துப் பார்த்து, பத்துச் சீட்டைப் பொறுக்கி வைப்பேன். ஒன்பதாவது வாரம் மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் பாதையைத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஆட்டோவில் மாட்டிக்கொண்டேன். வந்து சேரும்போது பாட்டே முடிந்துவிட்டது. கையில் அகப்பட்ட சீட்டுகளோடு நேரே மைக் முன்னால் போய் நின்றேன்.

வேலை, விசா, அறுவை சிகிச்சை என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். ஏழாவது சீட்டு, கட்டம் போட்ட கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள்.

“மாதாவே, எங்க கணக்கு மிஸ் எப்பவும் கோவமாவே இருக்காங்க. அவங்களுக்கு இன்னா கஷ்டமோ தெரியல. அவங்க மனசு நல்லா இருக்கணும். எங்களை வேற மிஸ்கிட்ட மாத்தப் போறதா சொல்றாங்க, மாத்த வேணாம். ஆனா எனக்கு டவுட் கேக்க பயமா இருக்கு. கேட்டா போர்டுக்கு வரச் சொல்வாங்க, எல்லாரும் சிரிப்பாங்க. அந்த பயத்தை மட்டும் எடுத்துடுங்க.”

பெயர் இல்லை. ஆனால் வாரந்தோறும் விடைத்தாள் திருத்துகிற எனக்கு அந்தக் கையெழுத்து தெரியாதா? என் சி பிரிவுப் பிள்ளை. கிறிஸ்தவப் பிள்ளைகூட இல்லை. தேன்மொழி என்று பெயரை மாற்றிச் சொல்கிறேன். கடைசி வரியில் எனக்குக் குரல் போய்விட்டது. மைக் கோளாறு என்று நினைத்து யாரோ வயரை ஆட்டிப் பார்த்தார்கள்.

என் வகுப்பில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் கேட்கிறவள் எழுந்து வந்து, எல்லோர் முன்னாலும் கரும்பலகையில் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். எந்த இடத்தில் தப்புகிறாள் என்று பார்க்கத்தான் அதை வைத்தேன். நாளாக ஆக யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நான் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். நான் சாபம் கேட்டுக்கொண்டிருந்த அதே கோவிலில், அந்தப் பிள்ளை எனக்காக வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கத்தில் செத்தேன்.

மறுநாள் காலை நஸ்ரீனிடம் போனேன். “பிள்ளைங்க உன்கிட்ட மட்டும் எப்படிம்மா இவ்ளோ கேக்கறாங்க?”

“எனக்கே ஸ்கூல்ல கணக்குன்னா உதறும் மிஸ். நைன்த்ல ஃபெயிலு. முதல் நாளே அதை அதுங்ககிட்ட சொல்லிட்டேன், அவ்ளோதான்.”

நானோ நூற்றுக்கு நூறு வாங்கியவள். சொல்லிக்கொள்ள எனக்கு என்ன தோல்வி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வகுப்புக்குள் போனேன். வாய் தானாகத் திறந்தது.

“பொண்ணுங்களா, நஸ்ரீன் மிஸ்ஸைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. அவங்ககிட்ட பேசற மாதிரி நீங்க என்கிட்ட பேசறதில்ல. தப்பு என் மேலதான். இனிமே டவுட் கேக்கறவ போர்டுக்கு வர வேணாம். நான் உங்க பெஞ்சுக்கு வரேன்.”

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், “எங்களுக்கும் பி செக்‌ஷனைப் பாத்தா அப்டித்தான் மிஸ் இருக்கு.” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரிப்போடு சரி. அன்று யாரும் கை தூக்கவில்லை. மறுநாளும் இல்லை. சொன்ன உடனே நம்பிவிடுவதற்கு அவர்கள் என்ன ஏமாளிகளா? நான்காம் நாள் தேன்மொழி பாதிக் கை தூக்கினாள்.

“மிஸ், மைனஸ் அந்தப் பக்கம் போனா எப்டி மிஸ் ப்ளஸ் ஆவுது?”

ஏழாம் வகுப்புச் சந்தேகம். மூன்று வருடமாக அதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பழைய ஸ்டெல்லா என்றால் திட்டிக் கிழித்திருப்பாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று விதமாகச் சொன்னேன். மூன்றாவது தடவை, “ஓ, அவ்ளோதானா!” என்றாள். உடனே ஐந்தாறு கைகள் மேலே வந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அரையாண்டில் ஒன்பது பேர் தவறினார்கள். பெரிய அற்புதம் என்று சொல்ல முடியாது. ஆனால் தேன்மொழி தேறிவிட்டாள். சிஸ்டரும் சி பிரிவை என்னிடமே விட்டுவிட்டார். நஸ்ரீனிடம் என் செபத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “துபாய் மாப்பிள்ளையா? எங்க அம்மாவும் அதைத்தான் கேட்டுக்கினு இருக்காங்க மிஸ்” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

பொறாமை அடியோடு போய்விட்டது என்றால் பொய். அவளைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இன்றும் சுருக்கென்கிறது. உடனே ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொள்கிறேன்.

உங்களிலும் யாராவது ஒருவருடைய பெயரைச் சொல்லி, அவர் தொலைய வேண்டும் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கலாம். வெட்கப்பட்டுச் செபத்தை நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கெட்ட மன்றாட்டோடேயே வந்து நில்லுங்கள். மாதா அதை எங்கே திருப்பி விட வேண்டுமோ அங்கே திருப்பி விடுவார். நான் கேட்டது எனக்குக் கிடைக்கவில்லை. நஸ்ரீன் பக்கத்து வகுப்பில்தான் இருக்கிறாள், அவள் பிள்ளைகளின் சிரிப்பு சுவரைத் தாண்டி வருகிறது. போன வாரம் என் பிள்ளைகள் கேட்டார்கள், “மிஸ், அவங்களுக்குக் கேக்கற மாதிரி நாமளும் சிரிப்போமா?”