அண்ணன் அட்டையில் என் வீட்டு எண்

பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பதிவேட்டுப் பிரிவில் அவளை எல்லோரும் அட்டை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளி ஒருவருக்கு ஓர் அட்டை. பெயர், வயது, முகவரி, எந்த உறுப்பு. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலில் அட்டையில் எழுதிவிட்டு அப்புறம்தான் தட்டுவாள். சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

சேர்ந்த புதிதில், மறுபடி சிகிச்சைக்கு வரச் சொல்லி மலைப்பக்கம் அனுப்பும் கடிதங்கள் 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்தபடி இருந்தன. எப்படி இருப்பார்கள்? எல்லோரும் இங்கே நகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் அல்லவா தங்கியிருந்தார்கள். அட்டை அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். "எந்த ஊரு?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எங்க தங்கியிருக்கீங்க?" என்று கேட்டு அதையே எழுதினாள். கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

போன வருஷம், அட்டைகளில் இருந்த முகவரிகளை வைத்துப் போட்ட புது வரைபடத்தைச் சுவரில் மாட்டினார்கள். நாடு முழுக்க வயிற்றுப் புற்று குறைந்து வருகிறதாம். வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்து, உப்பில் ஊறப்போட்டுத் தின்பது குறைந்ததும் ஒரு காரணம் என்றார் பிரிவின் தலைவியான டாக்டரம்மா. வரைபடத்தில் நோய் அதிகமுள்ள இடமாக நகரம் அடர்சிவப்பு. மலைப்பக்கம் வெளிறிக் கிடந்தது.

"மலையிலதான் ரொம்ப வேகமா குறைஞ்சிருக்கு. புது எண்டோஸ்கோப்பி மெஷினை இங்கயே கேட்டு எழுதிடலாம்," என்றார்.

அட்டை அக்கா பிறந்ததே அந்த மலையில்தான். அங்கே குறைந்துவிட்டதா? இரண்டு வருஷம் முன்பு அவளுடைய அண்ணனே வயிற்றுப் புற்றில்தான் போனார். அதே தெருவில் இன்னொருவரும் போய்விட்டதாகப் போன வாரம்தான் அண்ணி போனில் சொன்னாள். அலமாரியைத் திறந்து அண்ணனின் அட்டையை எடுத்தாள். முகவரி இடத்தில் அவளுடைய வீட்டுக் கதவு எண், அவள் கையாலேயே எழுதியது. நாற்பது நாள் இங்கே வந்து படுத்திருந்த மனுஷரை நகரத்துக்காரர் ஆக்கிவிட்டிருக்கிறாள்.

அவரை மட்டுமா?

மூன்று வாரம், கிடைத்த எண்ணுக்கெல்லாம் போன் போட்டாள். பேசக் கிடைத்த இருநூற்றுப் பதினோரு நகரத்து வயிற்றுப் புற்று அட்டைகளில் நூற்று நாற்பது பேர் மலைக்காரர்கள். அந்த அட்டைகளைக் கட்டாகக் கொண்டுபோய் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தாள்.

"தப்பு என்னோடது மேடம். என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி, மெஷின் மலைக்குப் போகணும்."

"நானும்தானே பார்க்காம கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. வரைபடத்தைக் கழற்றச் சொன்னார்.

ஆறு மாதத்தில் மெஷின் மலைக்குப் போனது. முதல் வாரமே அண்ணி போன் பண்ணினாள்.

"இன்னிக்கு எனக்கும் பார்த்தாங்க, ஒண்ணுமில்லையாம். பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் இருக்கு. ஆனா ஆரம்பம்தானாம், வெட்டி எடுத்துடலாமாம். இந்த மெஷின் முன்னாடியே வந்திருந்தா உங்க அண்ணன் இருந்திருப்பாரு."

இதற்கு மேல் மூடி மறைக்க அவளால் ஆகவில்லை. அழுதுகொண்டே அட்டைக் கதை முழுவதையும் கொட்டிவிட்டாள்.

"நாப்பது நாள் அவரை உன் வீட்டுல வச்சுப் பார்த்தே. அதை மறக்க மாட்டேன்," என்றாள் அண்ணி. "இதையும் மறக்க மாட்டேன்."

"சரி அண்ணி."

"அவரோட அட்டையில நம்ம வீட்டை எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"கதவு நம்பர் சொல்லு."

சொன்னாள்.

"சரியாத்தான் இருக்கு," என்று அண்ணி போனை வைத்தாள்.