டெரிக்குக்குப் பின்னால் நான்

ஹோட்டலில் பாட்டுக்காரனுக்குப் பின்னால் கீபோர்ட் வாசிக்கிற தொழிலில் முதலில் பழக வேண்டியது, கைதட்டல் நம்மைத் தாண்டிப் போகும்போதும் சிரித்த முகமாக இருப்பது. உங்கள் கந்தோரிலும் அப்படி ஒருவர் இருப்பார்: வேலை உங்களுடையது, பெயர் அவருடையது. ஆகவே உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

திருகோணமலையில் உள் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஹோட்டலில் வார இறுதி மாலைகளில் வாசிக்கிறேன். பாடுவது டெரிக். உவர்மலைக்காரன், பகலில் வங்கியில் வேலை. அவன் பாடுவது மெல்லிய ஜாஸ். சாப்பிட்டுக்கொண்டு, கதைத்துக்கொண்டு, அரைக்காதால் கேட்கிற வகை. நானோ கசெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, விரல் நோக நோகக் கடினமான ஜாஸ் பழகினவன். அவனுக்குக் கிடைத்த புகழ் அவனுக்குத் தகுமா என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வியில் பொறாமை இருக்கிறது, ஓம். அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

வட்டிலப்பம்

டெரிக் வருவதற்கு முன் நான் தனியாகத்தான் வாசித்தேன். யாரும் குறை சொன்னதில்லை. இவன் வந்து, தொட்டிலில் தூங்கும் பிள்ளை எழும்பிவிடும் என்று பயந்தவன் போல மைக்குக்குள் முணுமுணுத்தான். இரண்டே கிழமையில் வாசல் பலகையில் அவன் படம் ஏறியது. என் பெயர்கூட இல்லை.

முகாமையாளர் பவுசுல் கிண்ணியாக்காரர், நியாயமான மனிதர். அவரிடம் போனேன். "சேர், இது ஜாஸே இல்லை. ஒரு இடத்திலயும் குரல் மேல போகாது, ஒரு சிக்கலான தாளம் கிடையாது. வெறும் சீனிப்பாணி" என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"மாஸ்டர், நீங்க வாசிச்சா ஆக்கள் பில் கேக்காங்க. அவர் பாடினா இன்னும் இருந்து, இனிப்புக்கு வட்டிலப்பம் கேக்காங்க."

நடுவில் வந்த பழுது

ஒரு சனிக்கிழமை முன்மேசையில் ஒருவர் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். புல்மோட்டையில் வேலை செய்யும் எஞ்சினியராம். விரல் சரியான இடத்தில் விழுந்தது. ஆகா, விசயம் தெரிந்த ஆள் என்று நினைத்து, டெரிக் மூச்சு வாங்கிய இடைவெளியில் நான் புகுந்தேன். பழகின வித்தை முழுவதையும் இறக்கினேன். டெரிக் ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டான். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் எஞ்சினியர் கையை நீட்டியபடி மேடைக்கு வந்தார். நானும் எழுந்து கையை நீட்டினேன். அவர் என்னைக் கடந்து போய் டெரிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்:

"நடுவில உங்கட மிஷின் பழுதாப்போச்சு போல, ஆனா அவர் நல்லா சமாளிச்சிட்டார்."

முழங்கை

வீட்டிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். குசினியில் மனைவி மீன் வெட்டிக்கொண்டே ஒரு மெட்டை முணுமுணுத்தாள். டெரிக்கின் மெட்டு! ஹோட்டலுக்கு வந்த யாரோ விருந்தாளி எடுத்த வீடியோ ஊர் முழுக்கப் போன் போனாய்ச் சுற்றுகிறதாம். நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு கதிரையில் இருந்தேன். அவள் கையைத் துடைத்து, போனைக் கொண்டுவந்து காட்டினாள்.

"இஞ்ச பாருங்கோ, உங்கட முழங்கையும் வந்திருக்கு."

கரண்ட் போன மாலை

கடைசியில் டெரிக்கிடமே கேட்டுவிட்டேன். "தம்பி, மைக் இல்லாட்டி உம்மட குரல் மூன்றாவது மேசைக்குக் கேக்குமோ?" அவன் கோபித்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். "கேக்காது அண்ணை, மைக்தான் என்ர சீவியம்" என்று சிரித்தான்.

அடுத்த வாரமே, மண்டபம் நிறைந்திருந்தபோது, பாட்டின் நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் இயங்கவில்லை. மைக் செத்தது, கீபோர்டும் செத்தது, மேசை மெழுகுதிரிகளின் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். இப்போது தெரியும் இவன் வண்டவாளம்!

டெரிக் பாட்டை நிறுத்தவில்லை. குரலைக் கூட்டவும் இல்லை. முதலில் முன்மேசை அமைதியானது, பிறகு பின்மேசைகள். கரண்டித் தட்டுச் சத்தம் நின்றது. பின்னால் இருந்தவர்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு கிட்ட வந்தார்கள். பின்னணி இல்லாமல் அவனை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் அவன் ஒரு சின்ன இடம் விட்டான். அடுத்த சொல்லுக்காக முழு மண்டபமும் காத்திருந்தது. அந்த இடங்களை எல்லாம் இத்தனை நாளும் நிரப்பிக்கொண்டிருந்தவன் நான். என் பொறாமை குறையவில்லை, கூடியது. அதுவரை அதற்குக் காரணம் இருக்கவில்லை, இப்போது இருந்தது.

செத்த கீபோர்டின் முன் அசையாமல் இருந்தேன். நிலாவெளியில் இருந்து கலியாண நாள் கொண்டாட வந்த ஒரு பெண், கதிரையோடு பக்கத்தில் வந்து என் தோளைத் தட்டினாள்.

"அண்ணை, நீங்கள் சும்மாதானே இருக்கிறியள், கொஞ்சம் தள்ளி இருங்கோ, அவரை மறைக்குது."

இந்தப் புகழ் டெரிக்குக்குத் தகுமா என்று இப்போது யார் கேட்டாலும் "தகும்" என்று சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து இரண்டாம் தடவை மட்டும் கேட்காதீர்கள்.