சேர்ந்த நாளே விலகிய லூர்துமேரி

1974 ஜூன் மாதம் முழுக்க மரக்காணம் உப்பளத்து வரப்புகளில் லூர்துமேரி நடந்த தூரத்துக்கு மெட்ராஸுக்கே நடந்து போய்ச் சேர்ந்திருக்கலாம். அங்கே போவதா வேறு ஊருக்கா என்று தெரியாததால்தான் நடந்தாள்.

விஷயம் இதுதான். பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.காம். முதல் வருஷம் முடித்திருந்தாள். போதிய ஆள் இல்லை என்று அந்த வகுப்பையே மூடிவிட்டார்கள். படித்த பதினெட்டுப் பேர் கையிலும் டி.சி.யைக் கொடுத்து, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். லூர்துமேரி இரண்டு இடத்துக்கு எழுதிப்போட்டாள். ஒன்று கிடைத்தாலே பெரிசு என்று இருந்தவளுக்கு இரண்டிலிருந்தும் கடிதம் வந்து தொலைத்தது.

ஒன்று மெட்ராஸில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் கல்லூரி. படித்த அதே பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். விடுதி உண்டு, கோயில் உண்டு, ஆறு மணிக்கே பூட்டுகிற கேட்டும் உண்டு. மற்றது சிதம்பரத்துப் பல்கலைக்கழகம். அங்கே முதல் வருஷத்தை மறுபடி படிக்கச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் அனுப்பிய பாடப் பட்டியலில் பணமும் வங்கியும், பொது நிதி, நிதி நிர்வாகம் என்று மூன்று தாள்கள் இருந்தன. மெட்ராஸ் பட்டியலில் கணக்குப் பதிவும் டைப்ரைட்டிங்கும்தான்.

நிதி என்றால் அவளுக்கு அப்படி என்ன பைத்தியம் என்று கேட்கலாம். அவள் அம்மா அந்தோணியம்மாள் உப்பு வாரிக் கூடையில் சுமக்கிறவள். உப்பு விலை ஏறிய வருஷமும் அவளுக்கு அதே கூலிதான். ஏறின காசெல்லாம் எங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே லூர்துமேரி கேட்டுக்கொண்டிருந்தாள். மேஸ்திரி சிரித்தார், டீச்சர் அதட்டினார். அந்த மூன்று தாள்களில் பதில் இருக்கும் என்று அவள் நம்பினாள்.

ஆனால் சிதம்பரம் என்றால் அம்மா இன்னொரு வருஷம் கூடுதலாக உப்புத் தண்ணீரில் நிற்க வேண்டும். அப்பா இல்லாத வீடு. அம்மாவின் வெடித்த பாதத்தைப் பார்த்தால் மெட்ராஸ்தான் சரி என்று தோன்றும். பட்டியலைப் பிரித்தால் சிதம்பரம் இழுக்கும். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

"இன்னாடி, காலுல சக்கரமா கட்டியிருக்குது? ஒரு எடத்துல குந்தேன்!" என்பாள் அம்மா.

"ஞாயித்துக்கெழம சொல்லிடறேம்மா."

அவர்கள் இருந்த உப்பளக் குடியிருப்பில் யாரும் முக்கியமான காகிதத்தை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. உப்புக் காற்றில் கூரைக்குள்ளும் ஈரம் கசியும், மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். அதனால் பட்டா, ஞானஸ்நானச் சீட்டு, மார்க் லிஸ்ட் எல்லாம் கோயில் இரும்புப் பெட்டியில்தான் கிடக்கும். லூர்துமேரியின் டி.சி.யும் அங்கேதான் இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவும் மகளும் பங்குச் சாமியார் அமிர்தராஜ் முன்னால் நின்றார்கள்.

"தோத்திரம் சாமி. என் டி.சி. வேணும்."

சாமியார் முகம் மலர்ந்தது. "அதுவா? போன வாரமே மெட்ராஸ் காலேஜ் மதருக்கு ரெஜிஸ்தர் தபால்ல அனுப்பிட்டேனே! நீ யோசிச்சுக்கினே இருந்தா சீட்டு போயிடாதா? நாளைக்குக் காலேஜ் தொறக்குறாங்க. மூட்டையக் கட்டு."

நல்ல மனுஷர். வஞ்சகம் தெரியாதவர். அவர்மேல் கோபப்படவும் வழியில்லை என்பதுதான் லூர்துமேரிக்கு இன்னும் கோபமாக வந்தது. ஒரு மாதமாக எது என்று தெரியாமல் தவித்தவளுக்கு, காகிதம் கைவிட்டுப் போன அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சிதம்பரம்தான்.

"என்னய ஒரு வார்த்த கேக்கலியே சாமி," என்றாள்.

அந்த ஊரில் சாமியாரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அம்மா அவள் முழங்கையைக் கிள்ளினாள். மெட்ராஸ் போய் டி.சி.யைத் திரும்ப வாங்கிவரப் போகிறேன் என்று வீட்டு வாசலில் லூர்துமேரி சொன்னதற்கு, அம்மா அடுப்பை மூட்டப் போய்விட்டாள். மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்கு அம்மாவும் கிளம்பி நின்றாள். துணைக்கு வருகிறாளா, தடுக்க வருகிறாளா என்று லூர்துமேரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. மெட்ராஸ் வருவதற்குள் சிதம்பரத்துப் பாடப் பட்டியலை நாலு தடவை பிரித்து மடித்தாள்.

சிதம்பரம் போக வேண்டும், டி.சி.யைத் தாருங்கள் என்று லூர்துமேரி சொன்னதை மதர் பொறுமையாகக் கேட்டார். "உன்னை இன்னிக்குக் காலையிலதான் ரிஜிஸ்டர்ல சேர்த்தோம். போகணும்னா நாங்க வேற டி.சி. எழுதித் தரணும். அங்க சேர்க்கலன்னா இங்க திரும்பி வர முடியாது. யோசிச்சியா?"

"ஒரு மாசமா அதத்தான் செஞ்சேன் மதர்."

"உங்க அம்மா சம்மதம் வேணுமே."

அந்தோணியம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். லூர்துமேரி அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். வேண்டாம் என்று அம்மா சொன்னால் எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வராது. ஒரு வருஷத்தை அம்மாவிடம் கேட்க யாருக்குத்தான் வாய் வரும்?

அம்மா எழுந்து மேஜை அருகே வந்தாள். மைப் பெட்டியில் கட்டைவிரலைத் தேய்த்துக் காகிதத்தில் வைத்தாள். கறுப்பாக ஒரு திட்டு விழுந்தது. கோடு ஒன்றுகூட இல்லை. மதர் இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். மறுபடியும் அதே திட்டுதான்.

"ரேகையே விழலையேம்மா."

"உப்பு தின்னுடுச்சிங்க. இன்னும் ஒரு வருசம் கூட வாரப் போறேன், இனிமே எங்க விழும்? இதயே வெச்சிக்குங்க."

லூர்துமேரி அம்மாவின் கட்டைவிரல் மையைத் தாவணி நுனியால் துடைத்தாள். மதர் புது டி.சி.யை எழுதத் தொடங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் புது டி.சி.யை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். சேர்ந்த தேதி ஜூலை ஒன்று. விலகிய தேதி ஜூலை ஒன்று. சிதம்பரத்தில் இதைப் பார்த்துவிட்டு என்ன சொல்வார்களோ? இப்படி ஒரு டி.சி.யோடு வருகிறவளைச் சேர்ப்பார்களா?

அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"அந்த சிதம்பரத்துல உப்பளம் இருக்குதா?"

"இல்லம்மா."

"அப்டின்னா நல்ல ஊருதான்," என்றாள் அந்தோணியம்மாள்.